கல்லீரல் முதலா, குடி முதலா?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மதுவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் எழுதிய கடிதங்களை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் வேறு வேறு ஆனாலும் பெரும்பாலான கடிதங்களில் இருப்பது ஒரே தவிப்புதான்: கல்லீரலைப் பார்க்கும் மருத்துவர் குடியைப் பற்றி அறிவுரை மட்டும் சொல்கிறார், குடியை நிறுத்த உதவுபவர்கள் கல்லீரலைக் கண்டு அஞ்சுகிறார்கள், நடுவில் நோயாளி அலைகிறார். அனுப்பியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 46. பல ஆண்டுகளாகக் குடிக்கிறார். வயிறும் காலும் வீங்கி, கண் மஞ்சளாகி மருத்துவமனையில் சேர்த்தபோது சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) என்றார்கள். வயிற்றில் கோத்திருந்த நீரை எடுத்துவிட்டு, "இனி ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். சில வாரங்களிலேயே மறுபடியும் குடித்துவிட்டார். மது மீட்பு மையத்துக்கு அழைத்துப் போனால், "முதலில் கல்லீரலைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்கிறார்கள். கல்லீரல் மருத்துவரோ, "குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார். நான் எங்கே முதலில் போவது, டாக்டர்?

பதில்: அம்மா, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்ற வரிசையே இங்கே தவறு. இரண்டு சிகிச்சையும் ஒரே நாளில் தொடங்கி, ஒன்றாகவே நடக்க வேண்டும். உங்கள் கணவருக்கு இருப்பவை இரண்டு உறுப்புகளில் வெளிப்படும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். கல்லீரலில் அது வீக்கமாகவும் தழும்பாகவும் தெரிகிறது; மூளையில் அது அடக்க முடியாத வேட்கையாகத் தெரிகிறது.

சிரோசிஸ் நிலைக்கு வந்த கல்லீரலுக்கு எங்களிடம் பல மருந்துகள் இருக்கின்றன. நீரை வடிக்க மாத்திரை உண்டு. உணவுக்குழாயில் புடைத்திருக்கும் ரத்தக் குழாய்கள் வெடிக்காமல் இருக்க மருந்தும் எண்டோஸ்கோப்பி வழியே வளையம் போடும் முறையும் உண்டு. நினைவு தடுமாறாமல் இருக்க லாக்டுலோஸ் என்ற மருந்து உண்டு. ஆனால் இவை அனைத்தும் விளைவுகளைச் சமாளிப்பவை. நோயின் போக்கையே திருப்பக்கூடிய சிகிச்சை மதுவை அறவே விடுவது ஒன்றுதான். மதுவால் வரும் கடுமையான கல்லீரல் அழற்சியில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்து முதல் மாதத்தில் சிலரைக் காப்பாற்ற முடிகிறது. அதற்குப் பின் வரும் மாதங்களில் அவர் பிழைப்பாரா என்பதைப் பெரும்பாலும் அவர் மீண்டும் குடித்தாரா இல்லையா என்பதே தீர்மானிக்கிறது. அப்படியிருக்க, உயிர்காக்கும் அந்த ஒரு சிகிச்சையை "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நோயாளியின் கையில் கொடுத்து அனுப்புவது எப்படிச் சரியாகும்?

நீண்ட காலம் குடித்தவரின் மூளை மதுவுக்கு ஏற்ப மாறிப்போயிருக்கும். கெட்ட பெயருக்கும், பணக் கஷ்டத்துக்கும், ரத்த வாந்திக்கும்கூட அஞ்சாமல் குடிக்க வைப்பது அந்த மாற்றம்தான். மனவுறுதி வேண்டும் என்பது உண்மை. ஆனால் மனவுறுதி மட்டும் போதும் என்று சொல்வது, நீரிழிவு நோயாளியிடம் சர்க்கரையை மனவுறுதியால் குறைத்துக்கொள் என்று சொல்வதற்கு ஒப்பாகும். அமெரிக்கக் கல்லீரல் நோய் ஆய்வுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கல்லீரல் மருத்துவம், மனநல மருத்துவம், உளவியல் ஆலோசனை ஆகியவை ஒருங்கிணைந்து நடக்க வேண்டும் என்றே கூறுகிறது.

இரு துறையினரும் ஒரே இடத்தில் அமர்ந்து பார்க்கும் சிறப்புப் பிரிவு உங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தால் அங்கே செல்லுங்கள். இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் கல்லீரல் அல்லது இரைப்பைக் குடல் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கும். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோப்பி முடிவுகள், மாத்திரைச் சீட்டு அனைத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து இருவரிடமும் அதையே காட்டுங்கள். கல்லீரல் மருத்துவரிடம், "இவருக்கு எந்த மருந்துகள் ஆகாது என்று மனநல மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். மனநல மருத்துவர் எழுதும் மருந்தைத் தொடங்கும் முன் அதைக் கல்லீரல் மருத்துவருக்குத் தெரியப்படுத்துங்கள். உண்மையில் இந்த வேலை குடும்பத்தின் தலையில் விழக்கூடாது, அது எங்கள் பொறுப்பு. அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில் நீங்கள் காத்திருந்து காலத்தை இழக்க வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன். இன்னொன்று: அடுத்த முறை அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், வீடு திரும்புவதற்கு முன்பே, படுக்கையிலேயே மனநல மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பயமும் தெளிவும் சேர்ந்திருக்கும் அந்தச் சில நாட்களில் ஒருவர் காட்டும் ஒப்புதல், வீட்டுக்கு வந்த பிறகு எளிதில் கிடைப்பதில்லை.

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கியிருப்பதாகச் சொன்னதும் பயந்துபோய் ஒரே நாளில் குடியை நிறுத்திவிட்டார். இன்று இரண்டாவது நாள். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கமே இல்லை. அறை மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, கொடுக்கவே கூடாது. இதைப் போன்ற நிலையில் இருப்பவரை உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். (இந்தக் கடிதம் எழுதியவருக்கு அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.)

தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் பதற்றமும் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், இல்லாததைப் பார்ப்பது, இடம் காலம் தெரியாமல் பிதற்றுவது, காய்ச்சல், படபடப்பு என்று உயிருக்கே ஆபத்தான கட்டம் வரலாம். ஆகவே, நெடுநாள் குடித்தவர்கள் மருத்துவ மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். நிறுத்தாதே என்று இதற்குப் பொருளில்லை. தனியாக நிறுத்தாதே என்பதே பொருள்.

கல்லீரல் நோயும் சேர்ந்திருக்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. பழுதுபட்ட கல்லீரல் நச்சுப் பொருட்களை வடிகட்டாமல் விடுவதாலும் நடுக்கமும் குழப்பமும் வரும். அதனால் நாங்கள் நோயாளியை இரு கைகளையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேல்நோக்கி மடித்து, விரல்களை விரித்து வைத்திருக்கச் சொல்வோம். மதுவை நிறுத்தியதால் வந்த நடுக்கமென்றால் விரல்கள் இடைவிடாமல் மெல்லியதாக, வேகமாக அதிரும். கல்லீரலால் வந்த குழப்பமென்றால் உள்ளங்கை சில நொடிகள் அசையாமல் நின்று, சட்டென்று பிடி தளர்ந்து கீழே சரிந்து, மறுகணமே எழும்பி நிற்கும். சற்று நேரத்தில் மறுபடியும் சரியும். முதல் வகைக்கு மருந்து, நரம்புகளை அமைதிப்படுத்தும் மாத்திரை. இரண்டாம் வகையில் அதே மாத்திரை நோயாளியை ஆழ்ந்த மயக்கத்தில் தள்ளிவிடும். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருப்பதும் உண்டு. கல்லீரலையும் குடியையும் இரண்டு அறைகளில் பிரித்து வைத்துப் பார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையில், கல்லீரல் பாதித்தவர்களுக்கு நீண்ட நேரம் உடலில் தங்கும் டையஸிபாம் போன்றவற்றைவிட, லோரஸிபாம் போல விரைவில் வெளியேறும் மருந்தைக் குறைந்த அளவில், அறிகுறிகளை மணிக்கணக்கில் மதிப்பிட்டபடி தருவார்கள். அதோடு தயாமின் என்னும் வைட்டமின் பி1-ஐ ஊசியாகப் போடுவார்கள். நெடுநாள் குடித்தவர்களின் உடலில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்கு நிலையான பாதிப்பு ஏற்படக்கூடும். அவசரப் பிரிவில் உள்ளவர்களிடம் இவர் தினமும் குடிப்பவர், இத்தனை மணிக்குக் கடைசியாகக் குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் பல வலிப்புகள் முன்கூட்டித் தடுக்கப்படாமல் போகின்றன.

கேள்வி: குடிக்கும் தம்பிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது என்கிறார்கள். அவனுக்குக் கல்லீரல் கொஞ்சம் கெட்டிருக்கிறது. கொடுத்தால் நிறுத்திவிடுவானா?

பதில்: சகோதரி, உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அந்த மாத்திரை பெரும்பாலும் டைசல்பிரம் ஆக இருக்கும். மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு சிதையவிடாமல் அது தடுக்கும். இந்த மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிரே போகும். தனக்கு என்ன கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாதவர் அந்த ஆபத்தை எப்படித் தவிர்ப்பார்? மேலும், டைசல்பிரமே சிலரின் கல்லீரலைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. ஆகவே சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அதைத் தவிர்க்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருநாள் அவருக்கு உண்மை தெரிந்தால், வீட்டில் போடும் சோற்றைக்கூட நம்ப மாட்டார். நம்பிக்கை போன இடத்தில் சிகிச்சை நிற்காது.

அவருடைய ஒப்புதலோடு தரக்கூடிய நல்ல மருந்துகள் இருக்கும்போது இந்த வழி தேவையும் இல்லை. அகாம்ப்ரோசேட் கல்லீரலில் சிதைவதில்லை, சிறுநீரகம் வழியாக அப்படியே வெளியேறுகிறது. எனவே கல்லீரல் கெட்டவர்களுக்கு ஏற்றது, ஆனால் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டே தர வேண்டும். நால்ட்ரெக்ஸோன், குடித்தால் கிடைக்கும் இன்ப உணர்வை மங்கச் செய்கிறது. கல்லீரலைப் பாதிக்கும் என்று அதன் உறையில் முன்பு இருந்த கடும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் நீக்கியது. என்றாலும் மஞ்சள் காமாலையும் வயிற்று நீரும் உள்ள முற்றிய நிலையில் மருத்துவர்கள் அதைத் தயக்கத்துடனேயே பயன்படுத்துகிறார்கள். அபின் வகை வலிநிவாரணி எடுப்பவர்களுக்கு அதைத் தரக்கூடாது.

சிரோசிஸ் நோயாளிகளிடமே நேரடியாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட மருந்து பாக்லோபென். இத்தாலிய மருத்துவர்கள் 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட 12 வார ஆய்வில், இந்த மருந்தைப் பெற்ற 42 பேரில் 30 பேர் குடியை விட்டு விலகியிருந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை பெற்ற 42 பேரில் 12 பேரால்தான் அது முடிந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மேலும் அது மந்தத்தை உண்டாக்கும். நினைவு தடுமாறும் நிலையிலுள்ள கல்லீரல் நோயாளிக்கு அது ஆகாது.

மருந்து எதுவானாலும் அதோடு ஆலோசனையும் சேர வேண்டும். எந்த நேரத்தில், யாருடன் இருக்கும்போது, எந்த மனநிலையில் கை கிளாஸைத் தேடுகிறது என்பதை அவரே கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு வேறொரு வழியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ளப் பழக்குவதுதான் ஆலோசகரின் வேலை. மனச்சோர்வோ பதற்றமோ அடியில் இருந்தால் அதற்கும் தனியாக மருத்துவம் வேண்டும். பலருக்குக் குடியை விட்டவர்களே கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் போன்ற குழுக்கள் பெரும் துணையாக இருக்கின்றன. குடும்பத்தினருக்கென்று அல்-அனான் குழுக்களும் உண்டு.

கேள்வி: பிராந்தியை விட்டுவிட்டு பீர் மட்டும் குடித்தால் கல்லீரல் தாங்குமா?

பதில்: தாங்காது. கல்லீரலுக்குத் தெரிவது எல்லா மதுவிலும் இருக்கும் எத்தனால் என்ற பொருள் மட்டுமே. அது எந்தப் பாட்டிலிலிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. கல்லீரல் நோய் வந்துவிட்ட ஒருவருக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது.

கேள்வி: எனக்குச் சிரோசிஸ் இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? இனி நிறுத்தி என்ன பயன்?

பதில்: ஐயா, நோயாளி தன் கையால் எழுதிய கடிதம் இது ஒன்றுதான் என்பதால் இதை மிகுந்த அக்கறையோடு படித்தேன். கல்லீரல் விஷயத்தில் சாணுக்கும் முழத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கொழுப்பு படிந்த கட்டத்தில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். சிரோசிஸ் கட்டத்தில் தழும்பு முழுவதும் மறையாமல் போகலாம். ஆனால் எஞ்சியிருக்கும் நல்ல பகுதி வீக்கம் வடிந்து வேலை செய்யத் தொடங்கும், கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக் குழாயில் அழுத்தம் குறையும். வயிற்று நீர், நினைவுத் தடுமாற்றம், ரத்தக் கசிவு ஆகியவை வந்த பிறகும் நோயாளி மீண்டு வர முடியும் என்பதைக் கல்லீரல் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டு, அதற்கு வரையறையும் வகுத்திருக்கிறது. நோய்க்கான காரணம் நீங்கியிருக்க வேண்டும். நீர்ப் போக்கு மாத்திரை இல்லாமலேயே வயிறு வற்றியிருக்க வேண்டும். லாக்டுலோஸ் இல்லாமலேயே நினைவு தெளிவாக இருக்க வேண்டும். ரத்தக் கசிவு 12 மாதங்களாவது இல்லாமல் இருக்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் செயல்பாடு நிலையாகத் தேறியிருக்க வேண்டும். 2022-இல் வெளியான, கல்லீரல் வல்லுநர்களின் பவேனோ ஒருமித்த கருத்தறிக்கை இதை எழுத்தில் வைத்தது. எல்லோருக்கும் இது கிடைக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் குடித்துக்கொண்டே இருப்பவருக்கு இது ஒருபோதும் கிடைக்காது என்பதை உறுதியாகச் சொல்வேன். "இனி என்ன பயன்" என்ற எண்ணமே மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். அதையும் உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்லீரல் நோயாளிக்குப் புரதம் கொடுக்கக்கூடாது என்கிறார்களே?

பதில்: பழைய கருத்து. சிரோசிஸ் நோயாளிகளின் தசை வேகமாகக் கரைகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் அவர்களுக்குத் தேவை. பருப்பு, பால், முட்டை எல்லாம் சாப்பிடலாம். நெடுநேரம் பட்டினி கிடக்கக்கூடாது. உறங்கும் முன் சிறிதளவு ஏதேனும் உண்பது நல்லது. வயிற்றில் நீர் இருந்தால் உப்பைக் குறைக்க வேண்டும். கல்லீரலுக்கென்று விற்கப்படும் மூலிகை டானிக்குகளை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அவற்றில் சில கல்லீரலையே கெடுப்பவை. ஐபுபுரோபென், டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதங்கள் தொடாமல் இருந்த என் கணவர் ஒரு துக்க வீட்டுக்குப் போய்வந்த அன்று குடித்துவிட்டார். மாற்றுக் கல்லீரல் பொருத்தலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மருத்துவரிடம் சொன்னால் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்று மறைக்கச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: அம்மா, சொல்லிவிடுங்கள்; அவரையே சொல்ல வைப்பது இன்னும் நல்லது. மறைத்தாலும் மறையாது. மது உடலில் விட்டுச்செல்லும் தடயப் பொருட்களில், சிறுநீரில் எத்தில் குளுக்குரோனைடு சில நாட்களுக்கும், ரத்தத்தில் பாஸ்பாட்டிடைல் எத்தனால் 2 முதல் 4 வாரங்களுக்கும் குடித்ததைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அகப்பட்டுவிடுவார் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. இந்தப் பரிசோதனைகள் நோயாளியைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கானவை அல்ல; சிகிச்சையை எப்போது பலப்படுத்த வேண்டும் என்று எங்களுக்குக் காட்டுபவை. என் சக மருத்துவர்கள் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ரத்த அழுத்தம் ஏறிவந்த நோயாளியை யாரும் திட்டி அனுப்புவதில்லை, மருந்தை மாற்றுகிறோம். மறுபடியும் குடித்தவரிடமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்.

மாற்றுக் கல்லீரலைப் பொறுத்தவரை, 6 மாதங்கள் குடிக்காமல் இருந்தே ஆக வேண்டும் என்ற பழைய விதி பல இடங்களில் தளர்ந்து வருகிறது. மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான கல்லீரல் அழற்சியில், கவனமாகத் தேர்ந்தெடுத்த சிலருக்குக் காத்திருக்காமல் உறுப்பு பொருத்தியதில் 6 மாத முடிவில் 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்றும், பொருத்தப்படாத ஒத்த நோயாளிகளில் 23 சதவீதம் பேரே பிழைத்திருந்தார்கள் என்றும் பிரான்சு, பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அந்தத் தேர்வில் நாட்களின் எண்ணிக்கையைவிட, நோயை ஒப்புக்கொள்ளும் மனமும் குடும்பத்தின் துணையும் பெரிதாகப் பார்க்கப்பட்டன. உங்கள் மருத்துவமனையின் விதி என்னவென்று நேரடியாகக் கேளுங்கள். சில இடங்களில் காத்திருப்பு நீளக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்; மறைத்துப் பொருத்திய கல்லீரலோடு மறுபடியும் குடிக்கத் தொடங்குவதைத் தாங்க முடியாது.

அடுத்த பரிசோதனை நாள் வரும்வரை காத்திராமல் இந்த வாரமே இருவரும் சேர்ந்து செல்லுங்கள். குடித்தது எந்த நாள், எவ்வளவு, அன்று காலையிலிருந்து என்னென்ன நடந்தது, யாருடைய வார்த்தை அவரைத் தைத்தது, அதற்குப் பின் குடித்தாரா என்பதை அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து மாதங்களாக எடுத்துவந்த மாத்திரைகளை இடையில் நிறுத்தினாரா என்பதையும் எழுதுங்கள். "இனிக் குடிக்க மாட்டேன், மாத்திரை எதற்கு" என்று நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். அந்தத் தாளின் ஒரு நகலைக் கல்லீரல் மருத்துவரிடமும் இன்னொன்றை மனநல மருத்துவரிடமும் கொடுங்கள்.